பழைய ஹைலக்ஸின் பின் டிஃபரன்சல் ஒயில்: மேல் நட்டை முதலில் கழற்றுங்கள்

முதலில் மேல் நட்டு. பின் அச்சின் நடுவிலிருக்கிற பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்சலுக்குள் ஒயில் ஊற்றுகிற துவாரத்தை மூடுவது அது. அது கழன்று கையில் வந்த பிறகுதான், ஒயிலை இறக்குகிற கீழ் நட்டில் சாவி வைக்க வேண்டும். இதில் மற்ற எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறக்கக் கூடாது. சில வருடங்களுக்கு முன்னர் எங்கள் ஹைலக்ஸை ஒரு கராஜில் விட்டிருந்தோம். அங்கே வேலை செய்த பெடியன் கீழ் நட்டைக் கழற்றி, இருந்த ஒயில் முழுவதையும் பேசினுக்குள் இறக்கிவிட்டுத்தான் மேல் நட்டுக்குப் போனான். அது அசையவில்லை. வாய்ச் சாவியைப் போட்டு நீளக் குழாயைக் கொழுவி இழுத்ததில் நட்டின் ஆறு மூலையும் மழுங்கி உருண்டையாகிவிட்டது. டிஃபரன்சலுக்குள் ஒயில் இல்லை, ஊற்ற வழியும் இல்லை, ஒயில் இல்லாமல் வேறு இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. வயலில் நெல் மூடை ஏற்ற ஆட்கள் காத்து நின்ற நாள் அது. அடுத்த நாள் வெல்டிங் செய்பவர் ஒருவர் வந்து, மழுங்கின நட்டின் தலையில் இன்னொரு நட்டை ஒட்டவைத்துத்தான் அதைக் கழற்ற முடிந்தது.

அன்றிலிருந்து இந்த வேலையை வீட்டு முற்றத்தில் நானே செய்கிறேன். ஒரு முறை கைவந்துவிட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது, ஜக் போடவும் தேவையில்லை.

நான் சொல்வது 1988 முதல் 1997 வரை வந்த ரொயோட்டா ஹைலக்ஸ் பற்றி. எங்களிடம் இருப்பது எல்என் 106, டீசல், நான்கு சில்லும் இழுக்கும் டபுள் கப். வன்னியில் இன்றைக்கும் ஓடுகிற வாகனம் இது. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி ஐந்து வருடத்துக்குக் கிட்ட மூடி வைத்திருந்த காலத்தில், கையில் இருக்கிற பழையதைக் காப்பாற்றி வைத்திருப்பதைத் தவிர எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. எஞ்சின் ஒயிலை எல்லோரும் நேரத்துக்கு மாற்றுகிறோம். பின் டிஃபரன்சலை, அது அலறத் தொடங்கும் வரைக்கும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அலறத் தொடங்கிய பிறகு புது ஒயில் ஊற்றி ஒரு பயனும் இல்லை, பல்லும் பெயரிங்கும் ஏற்கெனவே போயிருக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த ஒயில் வாங்குவது என்பது விளங்கும். எஞ்சினிலிருந்து வருகிற நீளத் தண்டின் நுனியில் பினியன் என்கிற சின்னப் பற்சக்கரம். அது கிரவுன் என்கிற பெரிய சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியன் கிரவுனின் நடு மையத்துக்கு நேராக இல்லாமல், கொஞ்சம் கீழே தள்ளி வைக்கப்பட்டிருக்கும். இந்த அமைப்புக்கு ஹைபொயிட் என்று பெயர். இதனால் பல்லும் பல்லும் உருண்டு மட்டும் போவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று பலமாக உரசிச் சறுக்கியும் போகிறது. அந்த அழுத்தத்தில் சாதாரண ஒயில் நசிந்து விலகிவிடும். அதனால்தான் கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த கியர் ஒயில் போடுகிறோம். போத்தலைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த நாற்றம் கந்தகத்துடையது.

ஆகவே கடையில் 'கியர் ஒயில் தாங்கோ' என்று மட்டும் கேட்காதீர்கள். போத்தலில் ஜிஎல்-5 என்று எழுதியிருக்க வேண்டும். தடிப்பு 80டபிள்யூ-90, அல்லது வெறும் 90. எங்கள் வெயிலுக்கு இரண்டுமே சரி. ஜிஎல்-4 என்று எழுதியிருப்பது மலிவாகக் கிடைத்தாலும் பின் டிஃபரன்சலுக்கு வேண்டாம், அதில் இந்த உரசலைத் தாங்கும் கலவை குறைவு. மிஞ்சுகிற ஜிஎல்-5 ஒயிலைக் கியர்பொக்ஸில் ஊற்றும் பழக்கமும் சிலரிடம் உண்டு. கியர்பொக்ஸின் உள்ளே பித்தளை வளையங்கள் இருக்கின்றன, சில ஜிஎல்-5 ஒயில்கள் பித்தளையை அரிக்கும். கியர்பொக்ஸுக்குக் கையேடு எதைச் சொல்கிறதோ அதைத்தான் போட வேண்டும். எல்என் 106 இன் பின் டிஃபரன்சலுக்குக் கிட்டத்தட்ட 2.2 லீற்றர் பிடிக்கும். மூன்று லீற்றர் வாங்குங்கள், சிந்துவதும் இருக்கும், பிறகு கொஞ்சம் ஊற்றி நிரப்பவும் உதவும்.

வாங்குவதற்கு முன்னர் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சில வாகனங்களில் சேற்றில் ஒரு சில்லு மட்டும் வெறுமனே சுற்றாமல் இருக்க லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்சல் வைத்திருப்பார்கள். முன் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டு சில்லையும் தூக்கி, அச்சுக்குக் கீழே உறுதியான தாங்கி வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கைப் பிரேக்கையும் இறக்கிவிட்டு ஒரு சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரணமானது. இரண்டும் ஒரே பக்கம் சுற்றினால் லிமிட்டட் ஸ்லிப், அதற்கென்று எழுதியிருக்கிற ஒயிலைத்தான் வாங்க வேண்டும். இந்தச் சோதனை வாழ்நாளில் ஒரு தடவை செய்தால் போதும்.

சாமான்கள் அதிகமில்லை. 24 மில்லிமீற்றர் ரிங் சாவி அல்லது சொக்கற், கம்பித் தூரிகை, துரு இளக்கி ஸ்பிறே, மூன்று லீற்றர் கொள்ளும் பேசின், பழந்துணி, மேல் நட்டுக்கும் கீழ் நட்டுக்கும் ஒவ்வொன்றாக இரண்டு புது அலுமினிய வொஷர். வாய்ச் சாவியை வீட்டுக்குள்ளேயே விட்டுவிடுங்கள். ஒயிலை உள்ளே ஏற்ற பம்ப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மேசன்மார் மட்டம் பார்க்கிற தெளிந்த குழாய் ஹாட்வெயார் கடையில் மீற்றர் கணக்கில் கிடைக்கும், அதில் இரண்டு மீற்றர் வாங்கி வாருங்கள். இடம் போதாவிட்டால் பின்னால் தொங்குகிற ஸ்பெயார் ரயரை இறக்கி அப்புறம் வைத்துவிடுங்கள், படுத்துக்கொண்டு கையை நீட்ட எவ்வளவோ சுகம்.

வாகனத்தை ஒரு இருபது நிமிடம் ஓடிவிட்டு வாருங்கள். குளிர்ந்த கியர் ஒயில் தேன் போல மெதுவாகத்தான் வடியும், அடியில் படிந்த மண்டியும் அப்படியே தங்கிவிடும். சூடாக இருந்தால் எல்லாம் கலந்து ஒன்றாக இறங்கும். கை சுடுகிற அளவுக்கு இருந்தால் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். வந்து சமமான தரையில் நிறுத்துங்கள், சரிவில் நின்றால் கடைசியில் மட்டம் பிழைக்கும். கைப் பிரேக், முதலாம் கியர், முன் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹைலக்ஸின் உயரத்துக்கு ஜக் இல்லாமலே கீழே நுழையலாம், நான்கு சில்லும் தரையில் இருப்பதுதான் உங்களுக்கும் பாதுகாப்பு, மட்டத்துக்கும் சரி.

இப்போது மேல் நட்டு. அது பின் அச்சின் நடுவில் வீங்கியிருக்கிற உருண்டையின் பின்பக்கம், பாதி உயரத்தில் இருக்கும். கீழ் நட்டு உருண்டையின் அடியில். மேல் நட்டைச் சுற்றி வருடக்கணக்கான சேறு காய்ந்து கல்லாகியிருக்கும். அதை ஆணியாலும் கம்பித் தூரிகையாலும் ஒழுங்காகச் சுரண்டி எடுங்கள். சேற்றின் மேல் சாவியைப் போட்டால் அது முழுதாக உட்காராது, பாதி உட்கார்ந்த சாவிதான் மூலையை மழுக்குகிறது. அதோடு நட்டைக் கழற்றும்போது அந்த மண் உள்ளே விழுந்தால் நேரே பெயரிங்குக்குத்தான் போகும். சுரண்டிய பிறகு ஸ்பிறே அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். சாவியை அடிமட்டத்துக்கு உட்காரவைத்து, சாவியின் நுனியில் சுத்தியலால் இரண்டு தட்டு. மெதுவாக நீள இழுப்பதை விடச் சட்டென்று விழுகிற தட்டுக்குத்தான் துரு விட்டுக்கொடுக்கும். அதற்கும் அசையாவிட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். உள்ளே பழைய ஒயில் இருக்கிறது, வாகனம் ஓடும், ஆறுதலாக ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொண்டுபோகலாம். கீழ் நட்டைக் கழற்றியிருந்தால் அந்த வசதி இல்லாமல் போயிருக்கும்.

மேல் நட்டு வந்ததும் சின்ன விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். ஒயில் துவாரத்தின் கீழ் விளிம்போடு நிற்க வேண்டும், 5 மில்லிமீற்றர் வரை கீழே இருந்தாலும் சரி. விரலுக்கு எட்டவே இல்லை என்றால் எங்கேயோ ஒழுகியிருக்கிறது. பினியன் முன்னால் இருக்கிற இடத்தில், ஒயில் ஒழுகாமல் தடுக்கிற வளையமான சீல் ஒன்று, இரண்டு சில்லுப் பக்கமும் ஒவ்வொரு சீல். இந்த மூன்றையும் பாருங்கள். ஒயில் குறைந்து ஓடினால் முதலில் அடிபடுவது பினியன் பெயரிங்தான், கிரவுன் சுற்றி அள்ளி வீசுகிற ஒயிலை நம்பித்தான் அது இருக்கிறது.

பேசினை வைத்துவிட்டுக் கீழ் நட்டைக் கழற்றுங்கள். கடைசிச் சுற்றைக் கையால் சுற்றும்போது நட்டை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு சட்டென்று பக்கவாட்டில் எடுத்தால் கை நனையாது. மேல் நட்டும் திறந்திருப்பதால் காற்றுப் போய் வேகமாக இறங்கும். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரைக்கும் அப்படியே வடிய விடுங்கள்.

இறங்கிய ஒயிலை அப்படியே கொண்டுபோய் ஊற்றிவிடாதீர்கள். இந்த வேலையில் எனக்கு முக்கியமானது இந்தப் பகுதிதான், பேசினுக்கு முன்னால் குந்தியிருந்து பார்க்கிற ஐந்து நிமிடம். வெறும் தேத்தண்ணி நிறமோ அதைவிடக் கறுப்போ, எதுவானாலும் தெளிவாகப் பளபளவென்று இருந்தால் கவலையில்லை, வயது போன ஒயில், அவ்வளவுதான். பால் தேத்தண்ணி நிறத்தில் கலங்கி வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் எத்தனையோ வாகனங்கள் அச்சு முழுகத் தண்ணீருக்குள்ளால் போய் வந்தன. ஓடிச் சூடான அச்சு சட்டென்று குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும், சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும், தேய்ந்த சீல் வழியாகத் தண்ணீர்தான் உள்ளே வரும். அந்தத் தண்ணீரோடு ஓடவிட்டால் பெயரிங்கில் துரு பிடித்து, சில மாதத்தில் சத்தம் தொடங்கும்.

அப்படிப் பால் நிறத்தில் வந்தால் ஒரு தடவை மாற்றி விடுவதோடு நிறுத்தக் கூடாது. மலிவான ஜிஎல்-5 ஒயில் ஊற்றி ஒரு இருபது முப்பது கிலோமீற்றர் ஓடிவிட்டு வந்து அதையும் இறக்குங்கள். இரண்டாவது தடவையும் கலங்கலாக வந்தால் மூன்றாவது தடவை. தெளிவாக வந்த பிறகு நல்ல ஒயிலை ஊற்றலாம். சில இடங்களில் டீசலை ஊற்றி ஓடவிட்டுக் கழுவுவார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹைபொயிட் பல்லுக்கு டீசல் ஒரு நிமிடம் கூடத் தாங்காது, அடியில் தங்கிவிடுகிற மிச்சம் புது ஒயிலையும் மெலிதாக்கிவிடும்.

அடுத்தது உலோகத் தூள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றின காந்தத்தை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, பேசினின் அடியில் மெதுவாக இழுத்து எடுங்கள். சாம்பல் நிறத்தில் கிறீஸ் போல மென்மையாக ஒட்டிக்கொண்டு வந்தால் அது வழமையான தேய்மானம். விரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி வழுக்கினால் சரி. நறநறவென்று குத்தினாலோ, வெளிச்சத்தில் செதில் செதிலாக மினுங்கினாலோ, ஒரு பல்லின் நுனி உடைந்து வந்தாலோ, புது ஒயில் ஊற்றிக்கொண்டு பாரம் ஏற்றப் போகாதீர்கள். டிஃபரன்சலைத் திறந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. சத்தத்தை அமுக்கத் தடித்த ஒயில் போடச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். சத்தம்தான் குறையும், உடைவது நிற்காது.

ஒயில் வடிகிற நேரத்தில் பிறீதரைப் பார்த்துவிடலாம். அச்சின் மேல்பக்கம் தொப்பி போட்ட ஒரு சின்ன உலோக மூக்கு இருக்கும், அதுதான் டிஃபரன்சல் மூச்சுவிடுகிற வழி. ஓடும்போது உள்ளே சூடாகிற காற்று அதன் வழியாக வெளியேற வேண்டும். அந்தத் தொப்பி விரலால் தள்ளினால் சுழல வேண்டும், கொஞ்சம் மேலே எழும்ப வேண்டும். பத்தில் எட்டு ஹைலக்ஸில் அது சேறு பிடித்து இறுகித்தான் இருக்கும், நான் பார்த்த மட்டில் அப்படித்தான். அது அடைபட்டால் உள்ளே சேருகிற அழுத்தம் ஒயிலைச் சில்லுப் பக்கத்துச் சீல்களால் வெளியே தள்ளும், அங்கே தள்ளப்படுகிற ஒயில் நேரே பிரேக் ட்ரம்முக்குள் போய் ஷூவை நனைக்கும். நெல் மூடையோடு வருகிற வாகனத்தில் பின் பிரேக் பிடிக்காவிட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எத்தனையோ பேர் சீலை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், அது திரும்பத் திரும்ப ஒழுகுகிறது, பிறீதரை ஒருவரும் பார்ப்பதில்லை. அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, வாயால் ஊதிப் பார்க்காமல் காற்றுப் பம்பால் ஊதி, தொப்பி ஆடும் வரைக்கும் விடாதீர்கள். மழைக்காலத்தில் அடிக்கடி தண்ணீரில் இறங்குகிறவர்கள், அந்தத் துவாரத்தில் ஒரு நிப்பிள் பூட்டி, ஒயிலைத் தாங்கும் ரப்பர் குழாயைக் கொழுவி, பின்பெட்டியின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடலாம். அச்சு மேலும் கீழும் ஆடுகிற அளவுக்குக் குழாய் தளர்வாக இருக்க வேண்டும்.

கீழே கை வைக்கும்போது ஒரு கவனம். அச்சிலிருந்து மேலே சட்டத்துக்குப் போகிற ஒரு மெல்லிய கம்பி இருக்கும், பாரத்துக்கு ஏற்றபடி பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வின் கம்பி அது. அதைப் பிடித்துக்கொண்டு எழும்புவது, வளைப்பது, ஒன்றும் வேண்டாம்.

வடிந்து முடிந்ததும் கீழ் நட்டைத் துடைத்து, புது வொஷர் போட்டுக் கையால் சுற்றி ஏற்றுங்கள். கையால் இரண்டு மூன்று சுற்றாவது லேசாகப் போக வேண்டும், போகாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, திருப்பி எடுத்து மறுபடி போடுங்கள். இறுக்கம் 49 நியூட்டன் மீற்றர். டோர்க் சாவி இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு அடி நீளமான சாவியின் நுனியில், நிறைந்த ஒரு வாளித் தண்ணீரைத் தூக்குகிற பலம். அதற்கு மேல் குழாய் கொழுவி இழுக்க வேண்டாம். மேல் நட்டு மழுங்கிப்போன கதை எல்லாம் முன்னர் யாரோ அளவுக்கு மிஞ்சி இறுக்கியதில்தான் தொடங்குகிறது.

ஒயில் ஏற்றுவது பொறுமையான வேலை. தெளிந்த குழாயின் ஒரு நுனியை மேல் துவாரத்துக்குள் விட்டு, மறு நுனியை ஒயில் போத்தலின் மூடியில் துளை போட்டு இறுக்கமாகச் செருகி, போத்தலைப் பின்பெட்டியின் ஓரத்தில் தலைகீழாகக் கட்டிவிடுங்கள். போத்தலின் அடியில் ஆணியால் ஒரு சின்னத் துளை, காற்றுப் போக. போத்தலைக் காலையிலிருந்து வெயிலில் வைத்திருந்தால் ஒயில் இளகிச் சுறுக்காக இறங்கும். உதவிக்கு ஒரு தம்பி இருந்தால் மேலே போத்தலை அவன் பார்த்துக்கொள்ள, நீங்கள் கீழே துவாரத்தைப் பார்க்கலாம். இரண்டு லீற்றர் போனதும் கவனமாக இருங்கள். துவாரத்தின் விளிம்பால் ஒயில் மெல்லிய நூலாக வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள், ஒயில் அச்சுக் குழாய்களுக்குள் பரவிக் கொஞ்சம் இறங்கியிருக்கும், குறைந்ததை ஊற்றுங்கள். அப்புறம் மேல் நட்டையும் புது வொஷரோடு அதே அளவுக்கு இறுக்கி, சுற்றிவரத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பிறகு ஒழுகுகிறதா, முன்னர் சிந்தியதா என்று தெரியாது.

பழைய ஒயிலை மூடியுள்ள கானில் ஊற்றி, பழைய ஒயில் எடுக்கிற சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். வேலித் தறிக்குக் கறையான் பிடிக்காமல் பூசுவது ஊர்ப் பழக்கம்தான், ஆனாலும் கிணற்றடிப் பக்கம் வேண்டவே வேண்டாம். யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றுவது வடிகட்டாமலே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது பட்ட பாட்டை நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்.

ஒரு நாள் ஓடிவிட்டு வந்து இரண்டு நட்டையும் விரலால் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் கொஞ்சம் இறுக்குங்கள். நான் 30,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன். அச்சு முழுகத் தண்ணீரில் இறங்கி வந்தால் கணக்குப் பார்ப்பதில்லை, அந்தக் கிழமையே மேல் நட்டைக் கழற்றி ஒரு துளி எடுத்து நிறம் பார்ப்பேன். மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் ஓட்டுநர் கதவின் உள்பக்கத்தில் பெயின்ற் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். முன் டிஃபரன்சலும் அதே வேலைதான், ஒயிலும் அதுதான், அதிலும் முதலில் மேல் நட்டு.